உமையா கால செப்பு ஃபல்ஸ்: படிப்பது, கழுவுவது, வாங்குவது

மீன்கொத்தி

5 காசு கொண்ட ஒரு லாட் (மொத்தமாக விற்ற தொகுப்பு) வாங்கினேன். உமையா (ஆரம்ப இஸ்லாமிய கலீபா வம்சம்) காலத்து ஃபல்ஸ், அதாவது செப்புச் சில்லறை என்று நினைக்கிறேன். விற்றவர் சீட்டில் "ஆரம்ப இஸ்லாமிய வெண்கலம், சிரியா-பாலஸ்தீனம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தராசும் கேலிப்பரும் சொல்வது:

காசு 1: 3.05 கிராம், 19 மி.மீ. வாள்பிடியில் கை வைத்து நிற்கும் ஆள். பின்பக்கம் படிக்கட்டின் மேல் ஒரு கம்பம்.

காசு 2: 3.82 கிராம், 20 மி.மீ. நேரே பார்க்கும் மகுட முகம். பின்பக்கம் சின்ன "எம்" போல ஒன்று, இருபுறமும் கிரேக்க எழுத்து.

காசு 3: 2.41 கிராம், 17 மி.மீ. இருபக்கமும் அரபு மட்டும். ஓரத்தில் எழுத்தே இல்லை.

காசு 4: 3.36 கிராம், 20 மி.மீ. இருபக்கமும் அரபு. ஒரு பக்கம் ஓரத்தில் வட்டமாக எழுத்து ஓடுகிறது. ஆண்டு 7ஆ 9ஆ என்று தெரியவில்லை. பாதி மண்.

காசு 5: 4.40 கிராம், கோணல்மாணலான வெட்டு. நீண்ட சிலுவை பிடித்த அரசன். அங்கங்கே இளம்பச்சைத் தூள்.

எது எந்த ஊரில் அடித்தது? எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் 4ஆவது தெளியுமா?

உப்புநீர்

எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் வேண்டாம். இது வெள்ளிக்கிழமை துலக்குகிற குத்துவிளக்கு இல்லை. 1300 வருடம் மண்ணில் கிடந்த செம்பில் எழுத்தின் விளிம்பு பல நேரம் உலோகத்தில் இருக்காது. உலோகம் அரித்துப்போய் அந்த இடத்தில் உருவான பாட்டினாவில்தான் (நாளடைவில் படிந்த களிம்புப் படலம்) அந்த விளிம்பு நிற்கும். அமிலம் முதலில் கரைப்பது அந்தப் படலத்தைத்தான். மிஞ்சுவது இளஞ்சிவப்பில் குழிகுழியாக ஒரு செப்பு வில்லை. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் போடும் பழைய முறையும் அப்படித்தான், அதிலும் அமிலம் உண்டு, மெதுவாகத் தின்னும்.

5ஆவதை இப்போதே மற்ற நாலிலிருந்தும் பிரித்துத் தனி டப்பாவில் போடுங்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

அக்கசாலை வாசி

1, 2, 5 மூன்றும் ஒரே கதையின் மூன்று படிகள். பட்டியலின் பின்னாலிருந்து வருவோம்.

5ஆவது பெரும்பாலும் பைசாண்டிய (கிழக்கு ரோமானிய) பேரரசன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் (641-668) காசைப் பார்த்து சிரியாவில் அடித்த நகல். அரபுப் படை வந்த பிறகு பைசாண்டியச் செம்பு வரத்து குறைந்தது, சில்லறைக்குத் தட்டுப்பாடு. உள்ளூரில் கிடைத்த ஆட்களை வைத்து அடித்துக்கொண்டார்கள். அசலில் முன்பக்கம் "என் டூடோ நிகா" (இதனால் வெல்), பின்பக்கம் "அனா / நெயோஸ்" (புதுப்பித்தல்) என்று கிரேக்கம் வரும். நகலில் அது தலைகீழாக, கண்ணாடி பிம்பமாக, சில நேரம் வெறும் கோடுகளாக வரும். எழுத்துத் தெரியாதவர் அச்சு வெட்டியிருக்கிறார் என்று பார்த்தாலே புரியும். விற்பவர்கள் இவற்றைச் சாதாரண பைசாண்டியக் காசு என்றே பட்டியலில் போட்டுவிடுவதும் உண்டு.

2ஆவது அடுத்த படி. முகத்தின் ஒரு பக்கம் கிரேக்கத்தில் "கலோன்", மறுபக்கம் அரபியில் "பி-ஹிம்ஸ்", பின்பக்கம் சின்ன "எம்", அதன் இருபுறமும் "எமி / சிஸ்", கீழே அரபியில் "தய்யிப்" இருந்தால் அது ஹிம்ஸ் (எமிசா). கலோன், தய்யிப் இரண்டுக்கும் "நல்லது" என்றே பொருள். ஒரே காசில் இரண்டு மொழியில் "நல்ல காசு" என்று சான்று. டமாஸ்கஸ் காசில் நிற்கும் பேரரசன், பெரிய "எம்", "தர்ப் திமிஷ்க் ஜாயிஸ்". ஜாயிஸ் என்றால் செல்லும். செல்லாக்காசு அல்ல என்று காசே சொல்லிக்கொள்கிறது. மூன்று உருவம் நின்றால் திபேரியாஸ் (தபரிய்யா). இரண்டு பேர் அருகருகே சிம்மாசனத்தில் இருந்தால் பைசான் (ஸ்கித்தோபோலிஸ்) அல்லது ஜெராஷ். அது பேரரசன் இரண்டாம் ஜஸ்டின், அரசி சோஃபியா காலத்து, நூறு வருடப் பழைய வடிவம். ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்றால், அந்த ஊர்ச் சந்தையில் அப்போதும் அந்தக் காசுகள்தான் புழங்கின.

1ஆவது கலீபா அப்துல் மலிக் (685-705) காலத்து "நிற்கும் கலீபா" வகை. பைசாண்டியத் தங்கக் காசின் படிமேல் சிலுவையில் குறுக்குக் கையை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியதுதான் நீங்கள் பார்க்கும் கம்பம். நடுவில் ஒரு வட்டமோ நீள்வட்டமோ இருக்கும், பாருங்கள். இதே உருவத்தில் தங்கம் ஹிஜ்ரி 74 முதல் 77 வரை ஆண்டு போட்டு வந்தது. செம்பில் ஆண்டு இராது, ஆனால் அதே சில வருடங்கள்தான். வட சிரிய ஊர்களில் கம்பத்தின் ஒரு பக்கம் ஊர்ப்பெயர், மறுபக்கம் "வாஃபின்", அதாவது நிறை எடை. ஹலப் (அலெப்போ), கின்னஸ்ரின் இரண்டும் நிறையக் கிடைக்கும். சர்மின், குருஸ், ஜிப்ரின், தனூஹ் போன்றவை அபூர்வம். ஜெருசலேம் (ஈலியா) காசில் கம்பமே கிடையாது, "எம்" இருக்கும், பக்கத்தில் ஈலியா, ஃபிலஸ்தீன். அதிலும் ஹர்ரானிலும் கலீபா பெயர் வராது, முஹம்மத் பெயர்தான்.

எனவே 1ஆவதின் விலையைத் தீர்மானிப்பது கலீபாவின் தாடி இல்லை, கம்பத்தை ஒட்டிய நாலு எழுத்து. அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

எடைக்கல்

ஒரு சின்னத் திருத்தம். வெண்கலம் என்று வழக்கமாகச் சொல்கிறோம், ஏலப் பட்டியலிலும் அப்படியே போடுகிறார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை செம்பு, ஈயமும் தகரமும் ஏதோ கலந்திருக்கும், ஊருக்கு ஊர் வேறு. வெண்கலம் என்று நம்பி நிறத்தை வைத்து அசல்-போலி முடிவு செய்யாதீர்கள்.

எடையும் அப்படித்தான். தங்க தினார், வெள்ளி திர்ஹமுக்கு எடை கறாராக இருந்தது. ஃபல்ஸ் சில்லறை, எண்ணிக்கையில் கைமாறியது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசு 2.3 கிராமும் 3.4 கிராமும் இருக்கலாம். "3 கிராம் இல்லை, அதனால் போலி" என்று சிலர் எழுதுவது அர்த்தமில்லாதது. விதிவிலக்கு எகிப்து. அங்கே ஃபல்ஸை நிறுக்கவே கண்ணாடி எடைக்கற்கள் உண்டு, இத்தனை கர்ரூபா (ஒரு சிறு எடை அலகு) என்று முத்திரையோடு.

எடை வேண்டாம் என்று சொல்லவில்லை. 0.01 கிராம் வரை குறித்து வையுங்கள். கூடவே மிகப் பெரிய விட்டம், மிகச் சிறிய விட்டம், அச்சுக் கோணம். முன்பக்கத்தை நேராகப் பிடித்து, செங்குத்து அச்சில் காசைத் திருப்பினால் பின்பக்கத்தின் தலை கடிகாரத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதுதான் கோணம். பின்னால் அச்சு ஒப்பிடும்போது உதவும்.

மீன்கொத்தி

> கம்பத்தை ஒட்டிய நாலு எழுத்து

படம் எடுத்தால் கறுப்பாக ஒரே பரப்பாக வருகிறது. காசு 4இன் ஓரமும் அப்படியே.

கூஃபி எழுத்து

இரண்டு விளக்கு வைத்திருப்பீர்கள். ஒன்று போதும். மேசை மட்டத்திலிருந்து 15-20 பாகை உயரத்தில், பத்து மணித் திசையிலிருந்து. நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும். ஓர எழுத்துக்குக் காசை அசைக்காமல் விளக்கை நாலு திசையில் வைத்து நாலு படம் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த பல் (எழுத்தில் மேல்நோக்கி நிற்கும் சிறு கோடு) அடுத்ததில் தெரியும். ஃபோனில் எடுப்பதானால் தானாக வெளிச்சம் கூட்டுகிற வசதியை நிறுத்திவிட வேண்டும்.

படிக்கும் முறை. இந்த எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இல்லை. குர்ஆன் சரளமாக ஓதுபவர்கூட முதல் நாள் திணறுவார். பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்து அரபு எழுத்தும் சொல்லின் நடுவில் ஒரே ஒரு பல்லாகத்தான் இருக்கும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதில்லை. அங்கே மெய்யா உயிர்மெய்யா என்று சொல்லை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்? இங்கேயும் எழுத்தைப் படிக்காதீர்கள், வாசகத்தை எதிர்பார்த்துப் பொருத்துங்கள். எதிர்பார்க்க வேண்டிய வாசகங்கள் மிகக் குறைவு என்பதுதான் நமக்கு வசதி.

நடுவில்: ஒரு பக்கம் "லா இலாஹ இல்லா / அல்லாஹ் / வஹ்தஹு", மறுபக்கம் "முஹம்மத் / ரசூல் / அல்லாஹ்". இது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு, ஊர் சொல்லாது. காசு 3 இதோடு முடிந்துவிடும் வகை. ஓரமும் இல்லை என்றால் ஊரைத் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். நடு வாசகத்துக்குக் கீழே நட்சத்திரம், பிறை, கிளை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஓரத்தில்: "பிஸ்மில்லாஹ் துரிப ஹாதா அல்-ஃபல்ஸ் பி-(ஊர்) ஸனத (ஆண்டு)". இறைவன் பெயரால் இந்த ஃபல்ஸ் இன்ன ஊரில் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு ஃபுலூஸ் தெரியாத சொல்லா என்ன. அதன் ஒருமைதான் இது, பைசாண்டிய ஃபோலிஸிலிருந்து வந்தது. முதலில் "ஃபல்ஸ்" சொல்லைக் கண்டுபிடியுங்கள். லாம் உயரமாக நிற்கும், பின்னே ஸீனின் மூன்று பல். அடுத்த சொல்லின் முதல் பல் "பி". அதன் பிறகு ஊர்.

ஆண்டு ஒற்றை, பத்து, நூறு என்ற வரிசையில் வரும். 87 என்றால் "ஸப்அ வ-ஸமானீன்", ஏழும் எண்பதும்.

அக்கசாலை வாசி

மேலே சொன்னதோடு ஒரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் எப்போது உருவானது? வாசித் நகரை ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ் கட்டியது ஹிஜ்ரி 80களின் முதல் பாதியில். ரம்லாவை நிறுவியவர் சுலைமான் இப்னு அப்துல் மலிக், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மதீனத்துஸ்ஸலாம், அதாவது பாக்தாத், கி.பி. 762. ஊர் பிறக்கும் முன்னாலேயே காசு பிறந்ததாக உங்கள் வாசிப்பு சொன்னால் வாசிப்பில்தான் பிழை. ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கி.பி. ஆண்டு ஒன்று முன்னே பின்னே வந்துவிடும்.

எழுத்து மட்டும் உள்ள ஃபல்ஸ் எல்லாம் பொதுவாக ஹிஜ்ரி 77இல் தங்கம் முழுக்க எழுத்துக்கு மாறிய பிறகு வந்தவை. ஆனால் செம்பில் உருவம் அடியோடு போய்விடவில்லை. ஹிம்ஸில் யானை உண்டு, பாலைவனக் குதிக்கும் எலி உண்டு. ஊர்ப்பெயர் இல்லாத ஒரு வகையில் கிளை விளக்குகூட வரும், சுற்றிலும் கலிமா (மேலே சொன்ன "லா இலாஹ" வாசகம்). தங்கத்தையும் வெள்ளியையும் கலீபாவின் ஆட்கள் கவனித்தார்கள், செம்பை உள்ளூர் அதிகாரியிடம் விட்டுவிட்டார்கள். இந்தத் துறையில் சுவை இருப்பதே அதனால்தான். வட ஆப்பிரிக்காவில் ஆளுநர் மூஸா இப்னு நுஸைர் பெயரை லத்தீனில் போட்ட செம்புக் காசும், ஈரானில் சாசானிய (இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீக) மன்னன் தலையோடு பஷீஸ் என்ற செப்புக் காசும் இதே நூற்றாண்டில்தான். அவை தனி இழைக்கான விஷயம்.

உப்புநீர்

5ஆவது பற்றி. இளம்பச்சை, மாவு போல, ஊசியால் தொட்டால் உதிர்கிறது என்றால் அது காசு நோய். கெட்டியாக, கரும்பச்சையாக, நகத்துக்கு அசையாமல் இருந்தால் அது வெறும் களிம்பு, விட்டுவிடலாம். சந்தேகமானால் ஈரப் பஞ்சோடு மூடிய டப்பாவில், பஞ்சு காசில் படாமல், இரண்டு நாள் வையுங்கள். நோய் என்றால் புதுத் தூள் பூக்கும்.

காரணம்: மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு செம்போடு சேர்ந்து பாட்டினாவுக்கு அடியில் உறங்குகிறது. ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைத் தூளாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் அடியிலுள்ள நல்ல செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. சுழற்சி நிற்காது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உறங்கும், அதற்கு மேலே போகப்போக விழிக்கும். சென்னையிலும் கொழும்பிலும் வெறும் மேசை இழுப்பறையில் வைத்தால் விழிக்காமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது:

10 முதல் 20 மடங்கு உருப்பெருக்கத்தில் தூளை மரக்குச்சியாலோ காரைமுள்ளாலோ குழியின் அடிவரை எடுக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே ஊறவைத்தால் பலன் பாதிதான்.

பிறகு சோடியம் செஸ்குவிகார்பனேட் 5 சதவீதக் கரைசல். தனியாகக் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 28 கிராம், சமையல் சோடா 22 கிராம். வாரம் ஒருமுறை மாற்றவும். சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலேயே குளோரைடு இருக்கிறது.

குளோரைடு வெளியேறி முடிந்ததா என்று சோதிக்க, பழைய கரைசலில் சிறிது எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் நுரை அடங்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, அப்புறம் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. பால் போலக் கலங்கினால் இன்னும் இருக்கிறது. பலர் செய்யும் தவறு அமிலம் விடாமல் சோதிப்பது. அப்போது கார்பனேட்டே கலங்கல் தரும், "இன்னும் போகவில்லை" என்று மாதக்கணக்கில் வீணாக ஊறவைப்பார்கள்.

கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, அசிட்டோனில் முக்கி உலர்த்தி, எத்தனாலில் 3 சதவீத பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் ரசாயனம்), 24 மணி நேரம். கையுறை கட்டாயம், தூளை முகரக் கூடாது, சமையலறைப் பாத்திரம் கூடாது. மேலே பாரலாய்டு பி-72 (அக்ரிலிக் பிசின்) மெல்லிய பூச்சு அல்லது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு.

எச்சரிக்கை ஒன்று: செஸ்குவிகார்பனேட் செம்பையும் கொஞ்சம் கரைக்கும், பாட்டினா நிறம் மாறலாம். கரைசல் ஆழ்ந்த நீலமானால் உடனே எடுத்துவிடுங்கள். ஆரோக்கியமான காசுக்கு "முன்னெச்சரிக்கையாக" இதைச் செய்யவே வேண்டாம்.

செம்புக்கிண்ணி

4ஆவதில் பாதி மண் என்கிறாரே. அந்த மண்ணை எடுக்காமல் விடுவது நல்லது. கரும்பரப்பில் எழுத்து, பள்ளத்தில் மணல் நிற மண். அந்தப் பாலைவனப் பாட்டினா இருந்தால்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும், ஏலத்திலும் அதற்குத்தான் மதிப்பு.

உப்புநீர்

எழுத்து தெரிந்தால் விடலாம். ஆண்டின் மேலேயே மண் உட்கார்ந்திருக்கும்போது எதற்காகக் காப்பாற்றுவது? காய்ச்சி வடித்த நீரில் ஒருநாள் ஊறவைத்து, மென்மையான தூரிகை, பிறகு மரக்குச்சி. ஆண்டு உள்ள பக்கத்தில் ஓரத்தை மட்டும். உலோக ஊசி வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் அதையே அலிஃப் என்று நாளைக்கு யாராவது படிப்பார்கள்.

தவிர, இப்போது வருகிற "பாலைவனப் பாட்டினா" பாதி ஒட்டுவேலை. பசையில் குழைத்த சாயமண். அசிட்டோன் நனைத்த பஞ்சை 5 நிமிடம் வைத்துப் பாருங்கள். பசை இளகிப் பிசுபிசுத்து மண்ணோடு சேர்ந்து வரும். இயற்கை மண் அசிட்டோனுக்கு அசையாது, தண்ணீருக்குத்தான் இளகும்.

செம்புக்கிண்ணி

அந்தச் சோதனை சரி. முழுக்க உரிப்பதைத்தான் வேண்டாம் என்றேன். ஓரம் மட்டும் என்றால் ஆட்சேபம் இல்லை.

எடைக்கல்

போலி பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊர்ப்பெயர் இல்லாத சாதாரண ஃபல்ஸைப் போலி செய்வது அடித்தவனுக்கே நஷ்டம். கவனிக்க வேண்டியது யானை, எலி, கிளை விளக்கு, ஈலியா மாதிரி உருவக் காசுகள். வார்த்த போலியில் எழுத்தின் அடி சோப்பு போல வழவழக்கும், குமிழ்க் குழிகள் இருக்கும். எடை உதவாது என்று மேலே சொன்னேன். விளிம்பு உதவும். ஒரே இடத்தில் ஒரே வடு உள்ள இரண்டு காசு இணையத்தில் கிடைத்தால் இரண்டும் ஒரே அச்சுக்குழியில் பிறந்தவை.

ஆனால் விளிம்பில் எதிரெதிராக இரண்டு சின்ன முனை நீட்டிக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள். வில்லைகளை வரிசையாகச் சேர்த்து வார்த்து, வெட்டிப் பிரித்து, பிறகு அச்சடித்ததன் அடையாளம் அது. வில்லை வார்ப்பு, எழுத்து அடிப்பு. இரண்டையும் குழப்பி நல்ல காசைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

அக்கசாலை வாசி

திருப்பி அனுப்புவது என்றதும் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த காசு போலி இல்லை, வகைதான் தவறு என்று தெரிந்தால், திருப்பி அனுப்புவதே ஏற்றுமதி ஆகிவிடும். ஆகவே கேள்வியெல்லாம் பணம் கட்டும் முன்னால்.

அதைவிட முக்கியம், இந்தக் காசுகள் பிறந்த இடம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2199ஆம் தீர்மானம் (2015) ஈராக்கிலிருந்து 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகும், சிரியாவிலிருந்து 2011 மார்ச் 15க்குப் பிறகும் சட்டவிரோதமாக வெளியே போன தொல்பொருள் வாணிபத்தைத் தடுக்கச் சொல்கிறது. மண்ணோடு மண்ணாக, மூலம் சொல்லாமல், கிலோ கணக்கில் வரும் "கழுவாத லாட்" பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க ஞானதிருஷ்டி வேண்டாம். பழைய ஏலச் சீட்டு, பழைய சேகரிப்பின் உறை, இஸ்ரேல் என்றால் உரிமம் பெற்ற வணிகரின் ஏற்றுமதி அனுமதி, இதில் ஏதாவது ஒன்று கேளுங்கள். அந்தத் தாளைக் காசோடு சேர்த்து வையுங்கள்.

உப்புநீர்

வைப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். மெத்தென்று வளைகிற பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசின் வரும். மைலார் உறை அல்லது அமிலமற்ற காகித உறை. தேக்கு, ஓக் பெட்டியின் ஆவியும் செம்புக்கு ஆகாது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வறுத்துத் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை பாருங்கள்.

மீன்கொத்தி

5ஐப் பிரித்துவிட்டேன். 2இல் கலோனும் தய்யிப்பும் இருக்கின்றன, ஹிம்ஸ்தான். 1இல் கம்பத்தின் ஒரு பக்கம் மூன்று எழுத்து, நடு எழுத்து உயரம். மறுபக்கம் "வாஃபின்" போல. 4இன் ஓரத்தை ஒருநாள் ஊறவைத்துத் தூரிகையால் தட்டியதில் ஆண்டு தெரிகிறது: "ஸனத", பிறகு மூன்று சின்னப் பல், அடுத்து ஒரு உயரமான பல், பிறகு ஐன், பிறகு "வ-ஸமானீன்". 87ஆ 89ஆ?

கூஃபி எழுத்து

1இல் நடு எழுத்து உயரமான லாம் என்றால் ஹலப். ஹா, லாம், பா.

4இல் எல்லோரும் விழுகிற குழி இதுதான். ஏழு (ஸப்அ), ஒன்பது (திஸ்அ) இரண்டும் புள்ளி இல்லாவிட்டால் நாலு பல்லும் ஒரு ஐனும். வித்தியாசம் உயரமான பல் எங்கே நிற்கிறது என்பதில் மட்டும். ஏழில் ஸீனின் மூன்று பல் முதலில், பா பின்னால். ஒன்பதில் தா முதலில், ஸீன் பின்னால். எழுபது, தொண்ணூறுக்கும் இதே விதி. வலமிருந்து இடமாகத்தானே எண்ணினீர்கள்?

மீன்கொத்தி

ஆமாம், வலமிருந்து. மூன்று சின்னது, அப்புறம் உயரம்.

கூஃபி எழுத்து

அப்படியானால் 87, கி.பி. 705/706. "பி"க்கு அடுத்து தால், மீம், மூன்று பல் ஷீன், கடைசியில் வால் இறங்கும் காஃப் இருந்தால் திமிஷ்க். டமாஸ்கஸ் 87 அடிக்கடி கண்ணில் படும் காசுதான், விலை ஏறாது. ஆனால் தா முதலில் நின்றிருந்தால் வேறு தேடல் ஆகியிருக்கும், அதனால் அந்த நாலு பல்லின் படத்தை மட்டும் பெரிதாக்கி இங்கே போடுங்கள். இன்னொருவர் கண்ணும் பார்க்கட்டும்.